வறண்ட நிலத்துத் தேனும் நமது அமானிதமும்



எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களது குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

அன்பார்ந்த நேயர்களே! கண்ணியத்துக்குரிய பெற்றோர்களே! இளைஞர் சகோதரர்களே!

சில ஆண்டுகளுக்கு முன் ஓகஸ்ட் மாதத்தின் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆவுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. நான் பணியாற்றும் பள்ளிவாசலின் ஹவ்ளைச் சுற்றிச் சிலர் கூடி நின்றார்கள். ஹவ்ளின் விளிம்பில், நீரும் கல்லும் சந்திக்கும் ஈரக் கோட்டில், நூற்றுக்கணக்கான தேனீக்கள் வரிசையாக அமர்ந்திருந்தன. வுளூச் செய்ய வந்த சிறுவன் ஒருவனின் கையில் ஒரு தேனீ கொட்டிவிட்டது. "ஹஸ்ரத், இதற்கொரு முடிவு கட்ட வேண்டும். கூட்டைத் தேடிப் பிடித்து எரித்துவிடுவோமா, அல்லது மருந்தடிப்போமா?" என்று கேட்டார்கள்.

நான் பதில் சொல்லும் முன்னர், தோட்டத்தில் பல காலம் வேலை செய்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் முன்னே வந்தார். "ஹஸ்ரத், இவை தாகத்துக்கு மட்டும் வரவில்லை. வீட்டைக் குளிர வைக்கத் தண்ணீர் அள்ளுகின்றன. வெயில் தணிந்தால் தாமாகவே போய்விடும்" என்றார். அரபுக் கல்லூரியில் ஏழாண்டுகள் ஓதி, தேனீயின் பெயரால் அமைந்த ஸூராவுக்குத் தப்ஸீர் படித்த எனக்கு, அந்தப் பெரியவர் சொன்ன செய்தி அன்று வரை தெரியாது. அதை விசாரித்து அறியப் புகுந்தபோது கிடைத்தவற்றையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

நேயர்களே! சப்ரகமுவ என்றதும் மழையே நினைவுக்கு வரும். இரத்தினபுரி நகரில் ஆண்டுக்கு 3000 மில்லிமீற்றருக்கும் அதிகமாக மழை பெய்கிறது. ஆனால் அதே மாவட்டத்தில் எம்பிலிப்பிட்டிய, உடவளவை போன்ற இடங்கள் உலர் வலயத்தைச் சேர்ந்தவை. பலாங்கொடையின் தேயிலை மலைகளிலிருந்து கல்தோட்டைச் சமவெளிக்கு இறங்குபவர், ஒரு மணி நேரத்துக்குள் குளிர்காற்றை விட்டு அனல்காற்றுக்குள் நுழைகிறார். தென்மேல் பருவக்காற்று மலையின் இப்புறத்தில் மழையைக் கொட்டிவிட்டு, அப்புறத்தில் வெறும் வறண்ட கச்சானாக இறங்குகிறது. ஜூன் முதல் செப்டெம்பர் வரை அங்கே புல்லும் கருகும். ஆகவே வெப்பமான, வறண்ட நிலத்தில் தேனீ எவ்வாறு வாழ்கிறது, மனிதன் அதனை எவ்வாறு வளர்க்கிறான் என்ற கேள்வி தொலைதூர நாட்டுக் கேள்வியன்று. அது நமது மாவட்டத்துக் கேள்வியாகும்.

தோட்டத்து மக்கள் குளவிக் கொட்டுக்கு அஞ்சுகிறார்கள். கொழுந்து பறிக்கும் பெண்கள் கூடையை எறிந்துவிட்டு ஓடுவதையும், சிலர் வைத்தியசாலையில் அனுமதிக்கப்படுவதையும், உயிர்கள் பிரிவதையும் நாம் கேள்விப்படுகிறோம். குளவி என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி உண்மையில் குளவியன்று. அது சிங்களச் சகோதரர்கள் பம்பரா என்றழைக்கும் பெருந்தேனீ. கற்பாறையிலும் உயர்ந்த மரக்கிளையிலும் திறந்த வெளியில் ஒற்றை அடை கட்டுவது அதன் வழக்கம். இத்தேனீ உலர்ந்த தாழ்நிலத்துக்கும் மலைநாட்டுக்கும் இடையே பருவத்துக்குப் பருவம் குடிபெயர்கிறது என்பதை ஜெர்மனிய ஆய்வாளர்களான கோனிகர் தம்பதியர் இலங்கையில் ஆராய்ந்து 1980 ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். வறட்சி வந்ததும் அது பூவைத் தேடி மலைக்கு ஏறுகிறது. அதனைப் பெட்டியில் வளர்க்க இயலாது. கல்லெறியாமலும் பட்டாசு கொளுத்தாமலும் விலகி நடப்பதே அதனோடு நாம் கொள்ள வேண்டிய உறவு. பெட்டியில் வளர்ப்பது மரப்பொந்தில் பல அடைகளை வரிசையாகக் கட்டும் சிறிய பொந்துத் தேனீயை. இன்றைய பேச்சு அதனைப் பற்றியது.

அல்குர்ஆனின் பதினாறாவது அத்தியாயம் தேனீயின் பெயரைத் தாங்கியது. மலைகளிலும் மரங்களிலும் மனிதர் அமைப்பவற்றிலும் வீடு அமைத்துக்கொள்ளுமாறு அல்லாஹ் தேனீக்கு உணர்த்தியதையும், அதன் வயிற்றிலிருந்து வெளிவரும் பானத்தில் மனிதருக்கு நிவாரணம் இருப்பதையும் அந்த அத்தியாயம் எடுத்துரைக்கிறது. அது மக்காவில் அருளப்பட்டது. பயிர்ச்செய்கைக்கு இடமில்லாத, பாறைகள் சூழ்ந்த, வெயில் சுடும் பள்ளத்தாக்கு அது. அங்கே வாழ்ந்த மக்களிடமே தேனீயைப் பார்த்துச் சிந்திக்குமாறு சொல்லப்பட்டது. வறண்ட நிலத்தின் மனிதனுக்கே தேனின் விலை நன்கு தெரியும். ஒரு துளித் தேனுக்குப் பின்னால் எத்தனை துளித் தண்ணீர் இருக்கிறது என்பதும் அவனுக்கே தெரியும்.

வறண்ட நிலத்துத் தேனீ வளர்ப்பு நான்கு விடயங்களில் தங்கியிருக்கிறது. நிழல், நீர், பூ, பங்கு என்பனவே அவை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது நிழல். தேன் கூட்டின் நடுவில் புழுக்கள் வளரும் பகுதி ஏறத்தாழ 34 அல்லது 35 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இருக்க வேண்டும். குளிரில் தேனீக்கள் ஒன்றோடொன்று நெருங்கி உடலால் வெப்பமூட்டுகின்றன. வெயிலில் வாசலில் வரிசையாக நின்று இறக்கைகளால் விசிறுகின்றன. வெப்பம் மிகுந்தால் மெழுகு அடை இளகித் தேனோடும் புழுக்களோடும் அறுந்து விழுந்துவிடும். அவ்வாறு அடை விழுந்த கூட்டைத் தேனீக்கள் கைவிட்டுப் பறந்துவிடுவதுண்டு.

இதனை முன்னோர் நன்கு அறிந்திருந்தார்கள். எகிப்தில் அபூ குராபில் உள்ள ஒரு சூரியக் கோயிலின் புடைப்புச் சித்திரம், ஏறத்தாழ 4400 ஆண்டுகளுக்கு முன்னரே அங்கு தேனீ வளர்க்கப்பட்டதைக் காட்டுகிறது. நைல் நதிக்கரையில் களிமண்ணை நீண்ட குழாய்களாகச் செய்து, படுக்கைவாட்டில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கித் தேனீக்களைக் குடியமர்த்தும் வழக்கம் நம் காலம் வரை நீடித்தது. தடித்த மண்சுவர் வெயிலை உள்ளே விடாது. ஓமானில் பேரீச்ச மரத்தின் அடியைக் குடைந்து கூடாக்கினார்கள். நம் நாட்டிலும் மண் முட்டியைக் கவிழ்த்துத் தேனீ பிடித்தவர்கள் இருந்தார்கள். இன்று பலகைப் பெட்டி வந்துவிட்டது. பலகை மெல்லியது. ஆதலால் வெயில் நிலத்தில் பெட்டி வைப்பவர் அதனை மரநிழலில் வைக்க வேண்டும். மரமில்லையெனில் கிடுகுப் பந்தல் போட வேண்டும். காலைவெயில் மட்டும் வாசலில் படுமாறு கிழக்கு நோக்கி வைப்பதும், கூரைக்கும் பெட்டிக்கும் இடையில் காற்றோடச் சிறிது இடைவெளி விடுவதும் நன்று. தகரத்தை நேரடியாகப் பெட்டியின் மேல் வைத்துவிட்டுத் தேனீ ஓடிவிட்டதே என்று வருந்துவதில் பயனில்லை.

இரண்டாவது நீர். வெளிக்காற்று கூட்டைவிடச் சூடாகிவிட்ட நாளில் விசிறுவதால் மட்டும் குளிர்ச்சி வராது. விசிறினால் அனலே உள்ளே வரும். அப்போது தேனீக்கள் வேறொரு வழியைக் கையாளுகின்றன. நீரை வயிற்றில் சுமந்து வந்து, அடையின் அறைகளில் மெல்லிய துளிகளாகப் பரப்புகின்றன. மற்றவை அதன் மேல் விசிறுகின்றன. நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே முறையில்தான். ஹவ்ளின் விளிம்பில் அன்று அமர்ந்திருந்த தேனீக்கள் செய்த வேலையும் இதுவே. அவை நம்மைத் தாக்க வந்தவையல்ல. தம் குஞ்சுகள் வெந்து போகாமல் காக்க வந்தவை.

ஆகவே வறண்ட நிலத்தில் தேனீ வளர்ப்பவரின் முதற் கடமை தண்ணீர்த் தட்டு. அகலமான மண்சட்டியில் நீரூற்றி, தேனீ அமர்வதற்குக் கூழாங்கற்களும் சுள்ளிகளும் போட வேண்டும். ஆழமான பாத்திரத்தில் அவை மூழ்கி இறந்துவிடும். ஒரு நாள் வைத்து மறுநாள் மறந்துவிடக் கூடாது. தேனீ ஒரு நீர்நிலையைப் பழகிவிட்டால் நாள்தோறும் அங்கேயே வரும். நம் தட்டு வறண்டால் அயலவர் கிணற்றையும், கால்நடைத் தொட்டியையும், பள்ளிவாசலின் ஹவ்ளையும் தேடிச் செல்லும். பிறகு அயலவரோடு சண்டை வரும். அண்டை வீட்டாரின் உரிமையும் இதில் அடங்கியிருக்கிறது.

அந்த வெள்ளிக்கிழமை நாங்கள் கூட்டை எரிக்கவில்லை. எறும்பு, தேனீ, ஹுத்ஹுத், கீச்சான் ஆகிய நான்கு உயிர்களைக் கொல்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருப்பதாக அபூதாவூதில் பதிவாகியுள்ளது. தாகித்த நாய்க்குக் கிணற்றில் இறங்கி நீர் எடுத்துக் கொடுத்தவருக்குப் பாவமன்னிப்புக் கிடைத்த செய்தியை நம் பிள்ளைகளும் மத்ரஸாவில் ஓதியிருக்கிறார்கள். பள்ளிவாசலின் பின்புறத்தில், சொட்டும் குழாயின் கீழே, கல் நிரப்பிய ஒரு மண்சட்டியை வைத்தோம். ஹவ்ளை இரண்டு நாட்கள் ஓலையால் மூடினோம். மூன்றாம் நாள் தேனீக்கள் சட்டிக்கு மாறிவிட்டன. கொட்டு வாங்கிய அந்தச் சிறுவனே தினமும் காலையில் சட்டியை நிரப்பும் பொறுப்பை ஏற்றுக்கொண்டான்.

மூன்றாவது பூ. நிழலும் நீரும் இருந்து பூ இல்லையென்றால் தேன் இல்லை. வறண்ட நிலத்தில் இயற்கை வைத்திருக்கும் இரகசியம் ஒன்றுண்டு. ஆழமாக வேரோடிய மரங்கள், புல் கருகும் காலத்திலும் பூக்கின்றன. நம் உலர் வலயத்தில் பாலை, வீரை, புளி, வேம்பு, இலந்தை, தென்னை ஆகியவை தேனீயைக் காப்பாற்றும் மரங்கள். காட்டை வெட்டி ஒரே பயிரை நட்ட இடத்தில் அப்பயிர் பூக்கும் சில நாட்கள் விருந்து, மற்ற மாதங்கள் பட்டினி.

இலந்தை என்று சொன்னேன். மையித்தைக் குளிப்பாட்டும் நீரில் நாம் இலந்தை இலையைச் சேர்க்கிறோமல்லவா? அரபியில் அதன் இனத்து மரத்தின் பெயர் ஸித்ர். யெமன் நாட்டின் ஹழ்ரமவ்த் பகுதியில் தௌஆன் என்ற பள்ளத்தாக்கு இருக்கிறது. இருபுறமும் மொட்டைப் பாறை. நடுவே வெள்ளம் எப்போதாவது ஓடும் மணல் ஆறு. அதன் கரையில் ஸித்ர் மரங்கள். அம்மரம் பூக்கும் ஒரு சில வாரங்களில் எடுக்கப்படும் தேன் உலகிலேயே விலைமிக்க தேன்களில் ஒன்றாக மதிக்கப்படுகிறது. அந்நாட்டுத் தேனீயும் உருவில் சிறியது, வெப்பத்தைத் தாங்குவது. யெமன் தேனீ என்றே அறிவியலாளர் அதற்குப் பெயரிட்டிருக்கிறார்கள். அங்குள்ள வளர்ப்பாளர்கள் ஓரிடத்தில் தங்குவதில்லை. எந்தப் பள்ளத்தாக்கில் மழை பெய்ததோ, எங்கே மரம் பூத்ததோ, அங்கே இரவோடிரவாகக் கூடுகளை வாகனத்தில் ஏற்றிச் செல்வார்கள். 2014 இல் தொடங்கிய போரும், வழியெங்கும் புதைக்கப்பட்ட கண்ணிவெடிகளும் அந்தப் பயணத்தையே ஆபத்தாக்கிவிட்டன. மொரோக்கோவின் இன்செர்கி கிராமத்தில் 19 ஆம் நூற்றாண்டு முதல் ஊரார் கூட்டாகப் பேணி வந்த மண்கூட்டு வரிசையும் 2022 இல் கடும் வறட்சியால் பெரும்பாலும் வெறுமையானது. பூவுக்கும் மழைக்கும் ஆபத்து வந்தால், எத்தனை தலைமுறையின் அனுபவமும் தேனைக் காப்பாற்றாது.

இந்த உண்மையை இஸ்லாமிய ஆட்சியின் தொடக்க காலத்திலேயே காண்கிறோம். ஹிலால் என்ற தோழர் தம் தேனில் பத்தில் ஒரு பங்கை நபி (ஸல்) அவர்களிடம் கொண்டுவந்து, ஸலபா என்ற பள்ளத்தாக்கைத் தமக்காகப் பாதுகாத்துத் தருமாறு வேண்டினார். நபியவர்களும் அவ்வாறே செய்தார்கள். பின்னர் உமர் (ரழி) அவர்களின் ஆட்சியில் அதுபற்றி வினவப்பட்டபோது, அவர் முன்போலப் பங்கைச் செலுத்தினால் பள்ளத்தாக்கைப் பாதுகாத்துக் கொடுக்குமாறும், இல்லையேல் அத்தேன் யாரும் எடுக்கக்கூடியது என்றும் உமர் (ரழி) அவர்கள் எழுதினார்கள். இது அபூதாவூதில் உள்ள செய்தி. தேனுக்கு ஸகாத் உண்டா என்பதில் இமாம்கள் கருத்து வேறுபட்டார்கள். இமாம் அபூஹனீபா, இமாம் அஹ்மத் ஆகியோர் உண்டு என்றார்கள். நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் அது கடமையன்று என்பதே நிலையான கருத்து. நான் இங்கு சுட்டிக்காட்ட விரும்புவது வேறொன்று. அத்தோழர் கூட்டைப் பாதுகாத்துத் தருமாறு கேட்கவில்லை. பள்ளத்தாக்கையே கேட்டார். தேன் பெட்டியில் உருவாவதில்லை, பெட்டியைச் சுற்றியுள்ள நிலத்தில் உருவாகிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

நமது சப்ரகமுவவிலும் இதற்கோர் எடுத்துக்காட்டு உண்டு. கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்கள் இறப்பர் நிலங்கள். ஆண்டின் தொடக்கத்தில் இறப்பர் மரம் இலையுதிர்த்து, பெப்ரவரி, மார்ச் மாதங்களில் தளிர்விடும். அந்த இளந்தளிரின் மூன்று இலைகளும் காம்போடு சேரும் இடத்தில் இனிய நீர் சுரக்கிறது. பூவிலிருந்தன்றி இலைக்காம்பிலிருந்து தேனீ தேன் சேர்க்கும் காலம் அது. அக்காலம் முடிந்து தென்மேல் மழை தொடங்கினால் இங்கே பட்டினி. அதே வேளையில் பண்டாரவளைப் பக்கத்தில் யூக்கலிப்டஸ் மரங்கள் ஆண்டின் பிற்பகுதியில் பூக்கின்றன. ஆகவே பெட்டியை இடம் மாற்றினால் ஓராண்டில் இரண்டு அறுவடை காணலாம். இவற்றையெல்லாம் புஞ்சிஹேவா அவர்கள் 1994 இல் விவசாயத் திணைக்களத்தின் வெளியீடாக வந்த தமது நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். அத்திணைக்களத்தின் தேனீ வளர்ப்புப் பிரிவு பண்டாரவளையில் பிந்துனுவெவையில் அமைந்துள்ளது. பெட்டியை மாற்றும்போது இரவில், எல்லாத் தேனீக்களும் திரும்பிய பின், வாசலை வலையால் அடைத்து, காற்றோட்டம் குன்றாமல் கொண்டு செல்ல வேண்டும். பகலில் மூடிய வாகனத்தில் ஏற்றினால் வழியிலேயே வெந்து இறந்துவிடும்.

இளைஞர்களே! வாய்ப்புக் கிடைத்த இடத்தில் ஒரு மரத்தை நடுங்கள். நட்ட மரத்திலிருந்து பறவையோ மனிதனோ விலங்கோ உண்டால் அது நட்டவருக்கு ஸதகாவாகும் என்பது நபிமொழி. காலையில் பூத்திருக்கும் செடிகளுக்குப் பூச்சிமருந்து அடிக்காதீர்கள். தேவையாயின் தேனீக்கள் கூடடைந்த மாலையில் அடியுங்கள். வேலியோரத்தில் நிற்கும் இலந்தையை முள்மரம் என்று வெட்டிவிடாதீர்கள்.

நான்காவது பங்கு. கூட்டிலுள்ள தேன் முழுவதும் நமக்குரியதன்று. அது தேனீக்கள் தம் பஞ்ச காலத்துக்குச் சேர்த்த உணவு. ஒரு வேலைக்காரத் தேனீ தன் வாழ்நாள் முழுவதும் உழைத்துச் சேர்ப்பது ஒரு தேக்கரண்டியில் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவே என்பர். அதிலிருந்து எடுக்கும் நாம் எல்லை அறிந்து எடுக்க வேண்டும். வறண்ட நிலத்தில் பூக்காலத்தின் கடைசித் தேனைப் பேராசையால் வழித்தெடுத்தவரின் பெட்டி, கச்சான் காலத்தில் வெறும் பெட்டியாகிவிடும். நம் பொந்துத் தேனீ பட்டினியைப் பொறுத்துக் கிடப்பதில்லை. ஒருநாள் காலையில் கூட்டமாக எழுந்து போய்விடும்.

எடுக்கும் காலத்தையும் அறிய வேண்டும். தேனீ கொண்டுவரும் இனிப்பு நீரில் தண்ணீர் மிகுதி. அதனை விசிறி வற்றச் செய்து, பக்குவம் வந்ததும் அறையை மெழுகால் மூடுகிறது. மூடிய அடையின் தேனே பழுத்த தேன். உலகத் தரநிர்ணயத்தின்படி தேனில் நீரின் அளவு நூற்றுக்கு 20 ஐத் தாண்டக் கூடாது. வறண்ட நிலத்துக் காற்று தேனீக்கு இதில் உதவி செய்கிறது. ஆகவேதான் அங்கத்தைய தேன் கெட்டியாக இருக்கிறது. நம் ஈரநிலத்தில் மூடாத அடையைப் பிழிந்தால் சில வாரங்களில் புளித்து, மூடியைத் திறக்கும்போது நுரைத்துப் பொங்கும்.

நேயர்களே! இவ்விடத்தில் ஒரு முக்கியமான விடயத்தைச் சொல்ல வேண்டும். தேன் நல்லதா என்று அறிய மக்கள் பல சோதனைகள் வைத்திருக்கிறார்கள். தண்ணீரில் விட்டால் கரையாது என்கிறார்கள். எறும்பு மொய்க்காது என்கிறார்கள். நாய் நக்காது, தீக்குச்சியில் தடவினால் எரியும் என்கிறார்கள். இவற்றில் எதுவும் உறுதியான சோதனையன்று. கெட்டியான சீனிப்பாகும் தண்ணீரில் அடியில் தங்கும். ஈரநிலத்தின் உண்மைத் தேன் நீர்த்திருப்பதால் கலப்படம் என்று ஒதுக்கப்படுவதும் உண்டு. நல்ல தேனும் குளிரில் உறைந்து சீனிபோலத் தோன்றும். சரியான விடை ஆய்வுகூடத்தில்தான் கிடைக்கும். போத்தலை வாங்கும் ஏழைத் தாய்க்கு ஆய்வுகூடம் எங்கே இருக்கிறது? ஆகவே தேன் வியாபாரம் முழுவதும் விற்பவனின் மனச்சாட்சியில் தங்கியிருக்கிறது. தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். அந்தத் தானியத்தின் ஈரம் கைக்குத் தென்பட்டது. தேனில் கலந்த சீனி கைக்கும் தென்படாது, நாவுக்கும் தென்படாது.

எனக்குத் தெரிந்த ஓர் இளைஞர் கல்தோட்டைக்கு இறங்கும் வழியில் ஆறு பெட்டிகள் வைத்திருந்தார். வாப்பா நோயாளி. கடையில் கடன். ஒரு வருடம் மழை பொய்த்தது. ரமழானுக்கு முன்னர் ஒரு வியாபாரி வந்து, நாற்பது போத்தல் தேன் வேண்டும், முற்பணமாகவே தருகிறேன் என்றார். இளைஞரிடம் இருந்தது ஏழு போத்தல். மீதியைப் பாகு காய்ச்சிச் சரிக்கட்டலாம், எல்லாரும் செய்வதுதானே என்று வியாபாரியே வழியும் சொன்னார். இளைஞர் அன்றிரவு தராவீஹ் பயிற்சிக்கு வந்தபோது என்னிடம் கேட்டார்: "ஹஸ்ரத், வறட்சியில் தேனீக்கு நானே சீனிப்பாகு வைக்கிறேன். அதே பாகைப் போத்தலில் ஊற்றினால் மட்டும் ஏன் குற்றம்?"

அது நேர்மையான கேள்வி. நான் சொன்னேன்: "தம்பி, பட்டினி கிடக்கும் உயிருக்கு நீங்கள் வைக்கும் சீனி இரக்கம். அதனைத் தேன் என்று பெயரிட்டு மனிதனுக்கு விற்கும் சீனி பொய். ஒரே சீனிதான். பெயரில்தான் ஹராம் நுழைகிறது." பஞ்சத்தில் ஊட்டிய பாகை அடையில் சேர்த்து வைத்திருந்தால் அதனையும் பிழிந்து விற்கலாகாது, தேனீக்கே விட்டுவிட வேண்டும் என்றும் சொன்னேன்.

அவர் ஏழு போத்தலை மட்டுமே கொடுக்க முன்வந்தார். வியாபாரி அதையும் வாங்காமல் வேறிடம் சென்றார். நேயர்களே, இதற்குப் பிறகு அவருக்குப் பெரிய செல்வம் கிடைத்தது என்று நான் சொல்லப் போவதில்லை. கடன் தீரவில்லை. அடுத்த வருடம் அவர் கட்டாருக்கு வேலைக்குப் போனார். ஆறு பெட்டிகளில் இரண்டு வெறுமையாயின. நான்கு இன்னும் இருக்கின்றன. அவருடைய உம்மா நாள்தோறும் தண்ணீர்த் தட்டை நிரப்புகிறார். வெள்ளிக்கிழமை தொலைபேசியில் மகன் ஸலாம் சொல்லி, வாப்பாவின் சுகத்தை விசாரித்த பின் கேட்கும் அடுத்த கேள்வி, "தேனீ இருக்குதா உம்மா?" என்பதாம். அவர் ஏமாளி என்று சொல்பவர்களும் ஊரில் இருக்கிறார்கள். ஆனால் நோயாளிக்குத் தேன் வேண்டும் என்றால் அவர்களும் அந்த வீட்டுக் கதவைத்தான் தட்டுகிறார்கள்.

பெற்றோர்களே! தேனில் நிவாரணம் உண்டு. ஆயினும் எதற்கும் இடமும் அளவும் உண்டு. பிறந்த குழந்தையின் நாவில் தேன் தடவும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. ஒரு வயது நிறையாத குழந்தைக்குச் சிறிதளவு தேனும் கொடுக்கக் கூடாது என்பது மருத்துவர்களின் உறுதியான அறிவுரை. தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்கிருமியின் வித்து, பச்சிளம் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சாகி, உடலைத் தளரச் செய்துவிடும். தூய்மையான தேனிலும் இது இருக்கலாம். தஹ்னீக் செய்வதற்கு நபி (ஸல்) அவர்கள் பயன்படுத்தியது பேரீச்சம்பழமே. நீரிழிவு உள்ள பெரியவர்களும் தேன்தானே என்று அளவு மீறலாகாது.

இளைஞர்களே! இதைக் கேட்டதும் நாளையே பத்துப் பெட்டி வாங்கிவிடாதீர்கள். ஒரு பெட்டியோடு தொடங்குங்கள். ஒரு முழு வருடம் அதன் அருகில் இருந்து, எந்த மாதம் எந்த மரம் பூக்கிறது என்று எழுதி வையுங்கள். பெட்டியின் கால்களை நீர் நிரப்பிய சிரட்டைகளில் நிறுத்தி எறும்பைத் தடுங்கள். பெட்டி வைக்கும் முன் பக்கத்து வீட்டாரிடம், அவர் எந்த மதத்தவராயினும், அனுமதி கேளுங்கள். முதல் தேனில் ஒரு சிறு போத்தலை அவருக்குக் கொடுங்கள்.

முஃமினுக்குத் தேனீயை உவமையாக நபி (ஸல்) அவர்கள் கூறியதாக முஸ்னத் அஹ்மதில் வந்துள்ளது. அது நல்லதை உண்கிறது, நல்லதைத் தருகிறது, அமரும் கிளையை முறிப்பதில்லை என்பது அதன் கருத்து. பள்ளிவாசலின் பின்புறத்து மண்சட்டி இன்றும் அங்கேயே இருக்கிறது. கச்சான் காலம் வந்தால் தேனீக்களும் வருகின்றன. அன்று அவற்றை எரித்திருந்தால் எங்களுக்கு ஒரு நாள் அமைதி கிடைத்திருக்கும். சட்டி வைத்ததால் ஒரு சிறுவனுக்குப் பொறுப்புக் கிடைத்தது.

நிழலையும் நீரையும் மரத்தையும் பேணி, அளவறிந்து எடுத்து, பொய் கலக்காமல் உண்ணவும் விற்கவும் கூடிய நல்லடியார்களாக அல்லாஹ் நம்மையும் நம் பிள்ளைகளையும் ஆக்கியருள்வானாக! தொலைதூரத்தில் உழைக்கும் நம் இளைஞர்களின் ரிஸ்கில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.